காணாமல் போன பொருள்: இல்லை

1934ஆம் வருஷம் கார்த்திகை மாதம் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பிறகு, வடகரட்டுப்பதி செங்கோட்டையன் நடந்த வழியில் இருந்த பூட்டுகளெல்லாம் தாமாகத் திறந்துகொண்டன. ஊரில் அப்போது மொத்தம் ஒன்பது பூட்டுகள். மணியகாரர் வீட்டில் நான்கு, மாரியம்மன் கோயில் உண்டியலில் ஒன்று, பள்ளிக்கூட வாத்தியாரின் தகரப் பெட்டியில் ஒன்று, மற்றவை ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடந்தவை. மத்தியானச் சோற்று வேளைக்குள் ஒன்பதும் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. ஒரு பொருளும் திருட்டுப் போகவில்லை. செங்கோட்டையன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பூட்டு தொறந்துகிச்சுங்க, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அவனுக்கு முப்பத்தாறு வயது. அதுவரை அவன் பூட்டு எதையும் தொட்டதில்லை. பூட்டி வைக்கிற மாதிரி ஒன்றும் அவன் வீட்டில் இல்லை.

காரணம் எளியது. அதே பத்து மணிக்கு, மூன்று மைல் தள்ளிப் பொள்ளாச்சி ரோட்டோரம் இருந்த போலீஸ் ஸ்டேஷனில், சப்-இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜுலு நீல அட்டை போட்ட ரிஜிஸ்தரைத் திறந்து, 'வடகரட்டுப்பதி' என்ற பக்கத்தில் செங்கோட்டையன் பெயரை எழுதி, எதிரே 'கே.டி.' என்று இரண்டு எழுத்துப் போட்டார். சர்க்கார் எழுதினால் எழுதினதுதான். மனிதர்கள் அதை நம்ப ஒரு வாரம் ஆயிற்று. பூட்டுகள் உடனே நம்பின.

கோவிந்தராஜுலு அந்தச் சரகத்துக்குப் புதிதாக வந்தவர். அவருக்குக் கீழே ஆறு ஊர்கள். ஐந்து ஊர்களுக்கு ரிஜிஸ்தரில் ஆள் இருந்தது, வடகரட்டுப்பதிப் பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வெள்ளைத்தாளைக் கண்டால் அவருக்கு ஆகாது. திருடனே இல்லாத ஊர் என்று ஒன்று இருக்க முடியாது, இருந்தால் அது திருடனை ஒளித்து வைத்திருக்கிற ஊர் என்பது அவர் கணிப்பு. ஒரு வாரத்துக்குள் ஒரு பெயர் அனுப்பும்படி மணியகாரருக்குத் தாக்கீது போனது. மணியகாரர் கோயில் மேடையில் ஊரைக் கூட்டினார். அங்கேதான் சிக்கல் வந்தது. கன்றுக்குட்டியைக்கூடத் 'தள்ளி நில்லுங்க சாமி' என்று சொல்லிப் பழகிய சீமை அது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் முகத்தைப் பார்த்து நீ திருடன் என்று எப்படிச் சொல்வது? மணியகாரர் தொண்டையைக் கனைத்து, "ஏனுங்க, இதுல ஆருக்காச்சும் ஆட்சேபணை இல்லாம இருக்குமுங்களா?" என்று கேட்டார். ஒருத்தருக்கு வீட்டில் கல்யாணம் வைத்திருந்தது. ஒருத்தர் பஞ்சு விற்க அடிக்கடி கோயமுத்தூர் போக வேண்டியவர். ஒருத்தருக்கு ஒற்றைத் தலைவலி. கேள்வி சுற்றிச் சுற்றிக் கடைசியில் செங்கோட்டையனிடம் வந்து நின்றது. அவன் யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை. உழவு நாளில் எருதை இரவல் கேட்டவனிடம் எருதைக் கொடுத்துவிட்டு, ஏர் பிடிக்க ஆள் இல்லை என்று அவன் சொன்னதும் தானும் கூடப் போனவன். "செரீங்க," என்றான். "ஊருக்கு ஆகோணுமுன்னா எம் பேரை வெச்சுக்குங்க." வெற்றிலை பாக்கு வைத்துத் திருடனை நியமித்த ஊர் அந்தத் தாலுகாவில் அது ஒன்றுதான்.

இதை ஏதோ வெள்ளந்தித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுக்க முடிந்தவர்கள் எல்லோரும் மறுத்தார்கள். மறுக்க முடியாதவனிடம் வந்து கேள்வி நின்றது. ஊர்ப் பொதுக்கிணற்றில் பங்கு வைத்திருந்தவர்களில் ஆகச் சிறிய பங்கு அவனுடையது. மரியாதை என்பது அந்த ஊரில் எப்போதுமே மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்ந்தது. அவனிடமாவது வெற்றிலை வைத்துக் கேட்டார்கள். அந்தக் காலத்தில், நேற்றுப் பிறந்த குழந்தையின் பெயரோடு சேர்த்து ஒரு சாதி முழுவதையும் குற்றப் பரம்பரை என்று எழுதி வைத்த ரிஜிஸ்தர்களும் இருந்தன. அந்தச் சனங்களிடம் ஆட்சேபணை உண்டுங்களா என்று எவனும் கேட்டதில்லை.

அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தம் என்ன என்று ஊருக்குள் ஒரு மாதம் பேச்சு நடந்தது. ஜனவரி முதல் தேதி ராவ் பகதூர்களோடு சேர்ந்து வருகிற பட்டமாக இருக்கும் என்று தபால்காரர் சொன்னார். அதைக் கேட்ட ஒற்றைத் தலைவலிக்காரர் அவசரப்பட்டுவிட்டோமோ என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு அது சுத்தத் தமிழ். கேடு என்ற சொல்லிலிருந்து கேடன், கேடி என்று கிளைத்து வந்ததை நாற்பது பக்கக் கட்டுரையாக எழுதிச் சென்னைப் பட்டணத்துச் சங்கம் ஒன்றுக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. உண்மை கோவிந்தராஜுலுவுக்குத் தெரியும். 'நோன் டெப்ரடேட்டர்' என்ற இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளின் தலையெழுத்துகள் அவை. தெரிந்த கொள்ளைக்காரன் என்று பொருள். முதல் வார்த்தை 'கே' என்ற எழுத்தில் தொடங்குகிறது, ஆனால் வெள்ளைக்காரன் அந்த எழுத்தை வாயில் உச்சரிப்பதே இல்லை. அவன் உச்சரிக்காமல் விட்ட எழுத்துதான் இங்கே வந்து வசவாயிற்று. தெரிந்த கொள்ளைக்காரன் என்றால் யாருக்குத் தெரிந்தவன் என்பது எந்த அகராதியிலும் இல்லை. செங்கோட்டையன் மனைவி ராமாத்தாள் எல்லா அர்த்தத்தையும் கேட்டுவிட்டு, "அது என்ன எழவா வேணா இருந்துட்டுப் போகட்டும். தண்ணி முறைக்கு எம் மாமன் எப்ப வாரது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் முக்கியமானது. பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை வைத்துப் பாயும். செங்கோட்டையனுக்கு நாலு நாளைக்கு ஒரு முறை, அதிலும் பிற்பகல் பாதி. மூன்று மணிக்குக் கவலை ஏற்றத்தில் மாட்டைப் பூட்டினால் இருட்டும் வரை இறைக்கலாம். எருதுகள் வாரி என்கிற சரிவுப் பாதையில் முன்னும் பின்னும் நடக்க, தோல் சால் கிணற்றுக்குள் இறங்கி நிரம்பி ஏறும். சாய்வில் எருது இறங்கும்போது வடக்கயிற்றில் ஆள் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். ஆனால் ரிஜிஸ்தரில் பெயர் ஏறியவன் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் கைநாட்டு வைக்க வேண்டும். மூன்று மைல் நடக்க மூன்றரைக்குக் கிளம்பியாக வேண்டும். தவறிய முறை அடுத்த பங்குக்குப் போகும் என்பது கிணற்று வழக்கம். அடுத்த பங்கு மணியகாரருடையது. இதை யோசித்து அவன் பெயரை அனுப்பவில்லை என்று அவர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். உண்மையாகவே இருக்கலாம். தண்ணீரும் யோசித்துக்கொண்டு பள்ளத்துக்குப் போவதில்லை. ராமாத்தாள் தானே கவலை ஓட்டுகிறேன் என்று போனாள். பெண்பிள்ளை வடக்கயிற்றில் உட்கார்ந்தால் கிணறு வற்றும் என்று தடுத்துவிட்டார்கள். ஆண்பிள்ளைகளே உட்கார்ந்து முக்கால்வாசி வற்றிய கிணறு அது. கிழக்குப் பக்கத்து ஊற்றுக்கண் அடைத்துப்போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. மூன்று தடவை கடப்பாரையோடு ஆள் இறங்கியும் அது அசையவில்லை. இதை அவள் எடுத்துச் சொன்ன பிறகும் அனுமதி வரவில்லை. ஒன்றரை ஏக்கர் கம்போடியாப் பருத்தி நிறைபூவில் நின்றது. மாசி முடிவதற்குள் நாலு தண்ணீர் கிடைக்காவிட்டால் அது விறகு.

இதற்கிடையே பூட்டுகளின் விவகாரம் வளர்ந்துகொண்டே போனது. இரண்டாம் வாரத்தில் முடிச்சுகளும் அவிழ ஆரம்பித்தன. செங்கோட்டையன் மூன்றரை மணிக்குத் தெருவில் இறங்கினால் கட்டுத்தறிகளிலிருந்து மாடுகள் கழன்று அவன் பின்னாலேயே வரும். குதிர்களின் மூடி தூக்கிக்கொள்ளும். ஊர் எல்லையில் நின்று, "போங்க கண்ணு, ஊட்டுக்குப் போங்க" என்று அத்தனை மாட்டிடமும் கெஞ்சிவிட்டு அவன் ஸ்டேஷன் போய்ச் சேர ஐந்தே கால் ஆகும். தாமதத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவார்கள். கவலைக் கயிற்று முடிச்சு அவிழ்ந்து சால் கிணற்றில் விழுந்துவிடும் என்பதால் அவன் கிணற்றுப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று மணியகாரர் உத்தரவு போட்டார். பிறகு கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து ரசாக் என்ற பூட்டுக்காரரை பஸ் காசு கொடுத்து வரவழைத்தார். ரசாக் பாய் பத்து நாள் ஊரில் தங்கி, பூசணிக்காய் கனத்தில் ஒரு பூட்டு செய்து, ஊர் நடுவே புளியமரத்துச் சங்கிலியில் மாட்டினார். செங்கோட்டையனைப் பத்தடி தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். பூட்டு திறந்தது. ரசாக் பாயின் சாமான் பெட்டி திறந்தது. அவர் கையிலிருந்த குடையும் விரிந்தது. பாய் குடையை மடக்கிக்கொண்டே, "மணியாரரே, நான் திருடனுக்குத்தானுங்க பூட்டு செய்யறவன். சர்க்காருக்குப் பூட்டுப் போட எங்க பரம்பரையில ஆருக்கும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். ஏறுமுன் செங்கோட்டையனைத் தனியே கூப்பிட்டு, "கோட்டைமேட்டுல சாவி தொலைச்சவங்க நூறு பேர் இருக்காங்க, வாரீங்களா?" என்று கேட்டார். ஸ்டேஷன் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட அவனுக்கு அனுமதி இல்லை.

ஸ்டேஷனிலும் நிலைமை சுகமாக இல்லை. அவன் படியேறினால் லாக்கப் கதவு திறந்துகொள்ளும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து, "எப்படீங்க, சௌக்கியமுங்களா?" என்று அவனை விசாரிப்பார்கள். கான்ஸ்டபிள் தம்பிதுரை, "கொஞ்சம் உள்ள போயிருங்கப்பா, ஐயா பாத்தா என்னையத் திட்டுவாரு" என்பார். "இந்தா வாரேனுங்க" என்று அவர்களும் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மரியாதை தெரிந்த கைதிகள். அன்றாட அறிக்கை எழுதுவது தம்பிதுரையின் வேலை. அவருடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். 'கே.டி. செங்கோட்டையன் தபாலாபீஸ் வழியாகச் சென்றான். தபால் பெட்டி திறந்தது. காணாமல் போன பொருள்: இல்லை.' 'கே.டி. செங்கோட்டையன் தேர்முட்டியில் நின்றான். மூன்று கடைகள் திறந்தன. காணாமல் போன பொருள்: இல்லை.' மூன்று வருஷம் ஒரு குறிப்பும் இல்லாமல் ஒழுங்காக இருந்தால் பெயரை அடித்துவிடலாம் என்பது சட்டம். ஆனால் திறந்த ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு குறிப்பு விழுந்தது. பெயர் இருப்பதால் பூட்டு திறந்தது, பூட்டு திறப்பதால் பெயர் இருந்தது. இந்தச் சட்டத்தை எழுதியவன் சீமையில் பரீட்சை தேறியவன்.

இதில் ஒரு லாபத்தைக் கண்டுபிடித்தவள் பிரசவம் பார்க்கிற நாச்சியம்மாள். பேறு கஷ்டப்பட்டால் வீட்டிலுள்ள பூட்டுகளைத் திறந்து, முடிச்சுகளை அவிழ்த்து, பானை மூடிகளை எடுத்து வைப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறப்பதற்குப் பதில் செங்கோட்டையனை வாசலோடு ஒரு நடை நடந்துவிட்டுப் போகச் சொன்னாள். இரண்டு நாளாகக் கஷ்டப்பட்ட பெண் அவன் மூன்றாவது அடி வைப்பதற்குள் பெற்றாள். தை முடிவதற்குள் அப்படிப் பதினோரு பிரசவம். சீட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்கும் போனான். ஒவ்வொரு வீட்டிலும் கருப்பட்டியும் தேங்காயும் கொடுத்தார்கள், அவன் வாங்க மறுத்தான். தம்பிதுரை எழுதினார்: 'குழந்தை பிறந்தது. காணாமல் போன பொருள்: இல்லை.' அதுவும் குறிப்புதான்.

ராமாத்தாள் இதையெல்லாம் பார்த்துச் சந்தோஷப்படுகிற ரகம் இல்லை. அவளுக்குப் பருத்தி கண்ணில் நின்றது. பதினாலு மனு எழுதி வாங்கிப் பதினாலு தடவை ஸ்டேஷனுக்கு நடந்தாள். கோவிந்தராஜுலு ஒவ்வொரு மனுவையும் முழுக்கப் படித்து, ஆதாரம் இல்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்காதவர், கைநீட்டி அடிக்காதவர். சட்டத்தை மட்டும் தாலிக்கயிறு போலக் கட்டிக்கொண்டவர். பதினாலாவது மனுவின்போது அவள், "ஏனுங்க, எம் மாமன் என்னத்தத் திருடுனாருன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க, நானே கொண்டாந்து குடுத்தர்றேன்" என்று கேட்டாள். அவர் ரிஜிஸ்தரைத் திருப்பிப் பார்த்தார். குற்றம் என்ற கலத்தில் 'பின்னர் எழுதப்படும்' என்று இருந்தது. "இன்னும் முடிவாகவில்லை" என்றார். "முடிவாகறதுக்குள்ள என்ர பருத்தி முடிஞ்சு போகுமுங்க" என்றாள் அவள்.

மாசி மாதம் பன்னிரண்டாம் தேதி கோவிந்தராஜுலுவின் மகளுக்கு வலி கண்டது. தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு, அதாவது ஸ்டேஷனை ஒட்டிய போலீஸ் குவார்ட்டர்ஸுக்கு, வந்திருந்தாள். மறுநாள் மத்தியானம் வரை ஒன்றும் நகரவில்லை. பொள்ளாச்சியிலிருந்து டாக்டரம்மா வர வேண்டிய பஸ் வழியில் ரேடியேட்டர் வெடித்து நின்றுவிட்டது. நாச்சியம்மாள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அய்யா, உங்க கேடியக் கூப்புடுங்க" என்றாள். கோவிந்தராஜுலு சத்தம் போட்டார், மாந்திரீகம் என்றார், அடுத்த நிமிஷம் தம்பிதுரையை சைக்கிளில் அனுப்பினார். செங்கோட்டையன் பின்னால் உட்கார்ந்து வந்தான். ராமாத்தாள் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள். வீட்டு வாசலுக்கு நாற்பதடி முன்னால், குவார்ட்டர்ஸ் வெளிக்கேட்டில் அவர்கள் வந்து நின்றதும் கோவிந்தராஜுலுவுக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. ரிஜிஸ்தரில் பெயருள்ளவன் போலீஸ் குடியிருப்புக்குள் காலடி வைக்கக் கூடாது. வைக்க விட்ட அதிகாரிக்கு வேலை போகும். உள்ளேயிருந்து மகளின் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விதியை உடைப்பதென்று தீர்மானித்து, அதைக்கூட அவர் விதிப்படியே உடைத்தார். ஸ்டேஷனுக்குள் ஓடி, ரிஜிஸ்தரைத் திறந்து, சிவப்பு மையில் செங்கோட்டையன் பெயரைக் குறுக்கே அடித்து, கையெழுத்தும் தேதியும் போட்டார். லாக்கப் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. "இப்ப நீ யோக்கியன். உள்ளே போய்யா" என்றார்.

செங்கோட்டையன் யோக்கியனாக உள்ளே போனான். கூடத்தில் நடந்தான், திரும்பி நடந்தான். சமையலறை வரைக்கும் போய் வந்தான். அலமாரிப் பூட்டு அசையவில்லை. ஊறுகாய் ஜாடி மூடியும் அசையவில்லை. கால்மணி நேரம் கழித்து நாச்சியம்மாள் தலையை நீட்டி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க அய்யா, வெறும் ஆளக் கூட்டியாந்துருக்கீங்க?" என்றாள்.

அப்போதுதான் கோவிந்தராஜுலுவுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. மறுபடி ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு ஓடி வந்தார். பேனாவை மையில் தோய்த்தார். "செங்கோட்டையா, மறுபடியும் எழுதிவிடட்டுமா? கொஞ்ச நேரத்துக்குத்தான்" என்றார். சர்க்கார் எழுதினால் கொஞ்ச நேரத்துக்கு எழுதாது என்பது அவருக்கும் தெரியும். செங்கோட்டையன் வாயைத் திறந்தான். அவன் வாயிலிருந்து என்ன வரும் என்பது நாலு ஊருக்கும் தெரியும்.

"நீங்க சும்மா இருங்க மாமா," என்றாள் வாசலில் நின்ற ராமாத்தாள்.

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மூன்று மாதமாக நடந்து நடந்து கேட்டது சிவப்பு மையில் அடிபட்டுக் கிடந்தது. புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் மூன்றரைக்குள் கிணற்றுக்குப் போயிருக்கலாம், அன்று அவர்கள் முறை. உள்ளே அந்தப் பெண் அம்மா என்று கூப்பிட்டாள். அந்தச் சத்தம் பாதியில் நின்றுபோயிற்று. ராமாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எம் புருசம் பேரை எழுத வேண்டாமுங்க. எம் பேரை எழுதுங்க."

"உன் பெயரையா? பெண்ணுக்கு இதில் கலம் இல்லையே அம்மா. இந்த ஃபாரமே ஆண்களுக்குப் போட்டது."

"பொம்பளைக்குக் கலமில்லைன்னு உள்ள கெடக்கற புள்ளைகிட்டப் போயிச் சொல்லுங்க."

கோவிந்தராஜுலு எழுதினார். சிவப்புக் கோட்டின் மேலேயே எழுதினார், பக்கத்தின் மற்ற பாகமெல்லாம் குறிப்புகள் நிரம்பி இடம் அங்கேதான் இருந்தது. பெயர், ராமாத்தாள். ஊர், வடகரட்டுப்பதி. குற்றம் என்ற கலத்தில் பேனா நின்றது. பழக்கதோஷம், காலியாக விட அவருக்கு மனம் வரவில்லை. "என்ன குற்றம் என்று எழுதட்டும்?" என்று கேட்டார். "வாயின்னு எழுதுங்க" என்றாள். 'வாய்' என்று எழுதி, எதிரே அந்த இரண்டு எழுத்தைப் போட்டார். மைக்கூட்டின் மூடி எகிறி விழுந்தது. லாக்கப் கதவு திறந்தது. அலமாரி திறந்தது, ஜாடிகள் திறந்தன, சப்-இன்ஸ்பெக்டரின் இடுப்பு பெல்ட் கழன்று காலடியில் விழுந்தது. ராமாத்தாள் படியேறிக்கொண்டே திரும்பி, "இன்னொண்ணுங்க. கைநாட்டு வெக்க நான் நடக்க மாட்டேன். ரிஜிஸ்தர் நானிருக்கற எடத்துக்கு வரோணும்" என்றாள். கோவிந்தராஜுலு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். விதியில் பெயருள்ளவன் என்றுதான் இருந்தது, பெயருள்ளவள் என்று இல்லை. பெண் என்பதால் அறைக்கு உள்ளேயே போகலாம், வாசலோடு நடக்க வேண்டியதில்லை. அவள் கட்டிலருகே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க அம்மிணி, நான் கேடி, இந்தா வந்துட்டேன்" என்றாள். ஆண் குழந்தை. எடை ஏழு ராத்தல். தம்பிதுரை அறிக்கையில் 'காணாமல் போன பொருள்' என்ற இடத்துக்கு வந்ததும் வழக்கம்போல இல்லை என்றே எழுதினார்.

நாலு நாள் கழித்து அடுத்த முறை வந்தது. செங்கோட்டையன் மூன்று மாதத்துக்குப் பிறகு கவலையில் மாட்டைப் பூட்டினான். கிணற்றில் தண்ணீர் இரண்டு சாண். சால் மேலே வரும்போது பாதி சேறாக இருந்தது. ராமாத்தாள் தூக்குப்போசியில் கம்பங்கூழ் எடுத்துக்கொண்டு தோட்டத்து வழியே வந்தாள். மணியகாரர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வரப்பில் ஓடி வந்தார். "அம்மிணி, கிட்ட வராதீங்க! வடக்கயித்து முடிச்சு அவுந்துபோகுமுங்க!"

"அவுந்தா மறுபடி முடிஞ்சுக்கலாமுங்க. எம் மாமனுக்குப் பசிக்குது," என்றாள் அவள். கிணற்று மேட்டில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். மணியகாரர் சொன்னது சரிதான், முடிச்சு அவிழ்ந்தது. சால் அறுபதடி ஆழத்தில் பொத்தென்று சேற்றில் விழுந்தது. மணியகாரர் தலையில் கை வைத்துக்கொண்டு, பொம்பளை காலடி பட்டால் இப்படித்தான் என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. அடியில், கிழக்குப் பக்கத்துப் பாறையில், கதவுத் தாழ் விலகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இருபது வருஷமாக அடைத்திருந்த ஊற்றுக்கண் திறந்துகொண்டது. தண்ணீர் அவசரப்படாமல் ஏறியது. சாலை எடுக்க ஆள் இறங்க வேண்டியிருக்கவில்லை. இருட்டுவதற்குள் அது தானே மிதந்து மேலே வந்தது. செங்கோட்டையன் கைநீட்டி எடுத்துக்கொண்டு, "செரீங்க" என்றான், யாரிடம் என்று தெரியவில்லை. அன்று ஐந்து மணிக்கு ரிஜிஸ்தரோடு சைக்கிளில் வந்த தம்பிதுரை, சால் மேலே வரும் வரை கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்து எழுதினார்: 'கே.டி. ராமாத்தாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஊற்றுக்கண் திறந்தது. தண்ணீர் ஐம்பத்தெட்டு அடி. காணாமல் போன பொருள்: சால் ஒன்று, பிறகு கிடைத்தது.'

அந்தப் பருத்தி நல்ல மேனி கண்டு விளைந்தது. அதற்குப் பிறகு முறை என்று யாரும் அந்தக் கிணற்றில் சண்டை போடவில்லை. மணியகாரரும்தான் பாய்ச்சினார், தண்ணீருக்கு ஆள் பார்க்கத் தெரியாது. முடிச்சே இல்லாமல் சாலோடு சேர்த்துப் பின்னிய வடக்கயிற்றில் உட்கார்ந்து ராமாத்தாள் கவலை ஓட்டினாள். கிணறு வற்றவில்லை என்பதால் ஊர்ச் சட்டம் தன்னை மறந்துகொண்டது. பூட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கோயமுத்தூர் மில் வாசல்களில் கேடி என்றால் அடிதடி விழுகிற வசவாகவே இருந்தது. கிணத்துக்கடவுச் சந்தைக்குத் தெற்கே மட்டும் அந்த வார்த்தைக்கு வேறு மரியாதை. வலி கண்ட வீட்டில், "ஏனுங்க, கேடியம்மிணிக்குச் சொல்லிவிட்டாச்சுங்களா?" என்று கேட்பார்கள். கோவிந்தராஜுலு மாற்றலாகிப் போகும்போது பேரனைத் தூக்கி வந்து அவளிடம் காட்டிவிட்டுப் போனார். பையனின் அரைஞாண் அவிழ்ந்து விழுந்தது. அவர் குனிந்து கட்டிவிட்டார்.

1938இல் புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் பழைய ரிஜிஸ்தரைப் புரட்டினார். ஆண் பெயரை அடித்துப் பெண் பெயர், குற்றம் வாய், மூன்று வருஷக் குறிப்புகளில் நூற்று முப்பது பிரசவமும் ஒரு கிணறும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தானே நேரில் வந்தார். ராமாத்தாள் வாய்க்காலில் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தாள். பெயரை அடித்துவிடட்டுமா, ஒரு மனு மட்டும் கொடுத்தால் போதும் என்றார்.

"இருக்கட்டுங்க," என்றாள். மண்வெட்டியால் கரையை ஒரு வெட்டு வெட்டினாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. தண்ணி வருது."